வீட்டில் பெரிய வியாதி, திண்ணையில் நாய்: வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றோ சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்றோ தெரிந்த வாரத்திலேயே, பார்க்க வரும் சொந்தக்காரர்கள் சொல்லும் முதல் யோசனை, "மொதல்ல அந்த நாயக் கொண்டுபோய் எங்கயாச்சும் விட்டுட்டு வாங்க" என்பதுதான். அதே வாரம் வெளியூரில் இருக்கும் பிள்ளை போனில் ஒரு வீடியோ அனுப்பும், நாய் பக்கத்தில் இருந்தால் நோயாளி சீக்கிரம் தேறுவார் என்று. இந்த இரண்டு பேருமே நாயின் பீயை அள்ளப் போவதில்லை.

அள்ளப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, சாயல்குடி என்று இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு வைத்தியத்துக்கு ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் அலைகிற குடும்பத்துக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எங்கே உதைக்கும் என்று பார்ப்போம். என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ போன காலத்தில் எங்கள் வீட்டில் டைகர் என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. அதனால் கீழே சொல்வதில் பாதி பார்த்தது, மீதி மருத்துவரையும் கால்நடை மருத்துவரையும் நச்சரித்துக் கேட்டது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு, ஏற்கெனவே இருக்கும் வளர்ந்த நாயைத் திண்ணைக்கு மாற்றி வைத்துக்கொள்வதே சரியான வழி. ஆனால் அதற்கு நோயாளியைத் தவிர இன்னொரு ஆளின் கை வேண்டும், தினமும், சலிக்காமல். அந்தக் கை இல்லாத வீட்டில் எவ்வளவு பாசம் இருந்தாலும் சில மாதத்துக்கு நாயை வேறு இடத்தில் விடுவதுதான் நல்லது. வியாதி என்ன என்பது அதற்கு அடுத்த கேள்வி.

மருத்துவர் எதற்குப் பயப்படுகிறார்

"நாய் முடி வயித்துக்குள்ள போயிரும்" என்று ஊரில் எல்லாரும் பயப்படுவது முடிக்கு. மருத்துவர் பயப்படுவது எச்சில், நகம், பீ, உண்ணி, இந்த நான்குக்கும்தான். கீமோ போட்டபின் பொதுவாக 7 நாளிலிருந்து 14 நாளுக்குள் ரத்தத்தில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அதில் நியூட்ரோஃபில் என்கிற வகை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே போனால், சாதாரண ஆளை ஒன்றும் செய்யாத கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்வது அதனால்தான்.

நாயின் வாயில் இயல்பாகவே கேப்னோசைட்டோஃபேகா, பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இருக்கும். நம்மை நக்கினால் ஒன்றும் ஆகாது, கையைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். மண்ணீரல் எடுத்தவர், கல்லீரல் கெட்டவர், கீமோவில் இருப்பவர் இவர்களுக்கு, ஊசி குத்திய இடத்தையோ வெடித்த உதட்டையோ நாய் நக்கினால் அது ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். பிளேட்லெட் குறைந்திருப்பவருக்கு நாய் ஆசையாய்த் தாவி விழும் நகக்கீறலே ரத்தம் நிற்காமல் வடியப் போதும். நாய்க்குப் பேதியானால் கேம்பைலோபேக்டர், சால்மொனெல்லா என்று குடல் கிருமிகள் வேறு.

நம் கடற்கரைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. சென்னையில் பிளாட்டில் வளரும் நாய் பாக்கெட் தீனி தின்றுவிட்டுப் படுத்திருக்கும். இங்கே சங்கிலியை அவிழ்த்தால் நேராகக் கரைக்கு ஓடும், வலையிலிருந்து உதறிப் போட்ட கழிவு மீனையும் கருவாட்டுக் களத்தில் கிடக்கும் குடலையும் தின்றுவிட்டு வந்து வாசலில் வாந்தி எடுக்கும். பேத்தை மீனைக் கடித்துவிட்டால் அதன் விஷத்தில் நாயே செத்துப்போகலாம். மணலில் பிற நாய்கள் போட்டுவைத்த கொக்கிப்புழு இதன் காலோடு சேர்ந்து வீட்டுக்கு வரும். கருவேலங்காட்டுக்குள் புகுந்து வந்தால் உண்ணி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரைக் குடித்தால் எலிக்காய்ச்சல், அது நாய்க்கும் வரும், நாயின் மூத்திரம் வழியாக மனிதருக்கும் வரும். அதனால் இந்தப் பக்கத்தில் நாயை வைத்துக்கொள்வதா என்று யோசிப்பவர், அதன் ஊர்சுற்றலை நிறுத்த முடியுமா என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

வெறிநோய் பற்றித் தனியாக. உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில்தான். வீட்டு நாய் என்றாலும் மூன்று மாதக் குட்டியிலிருந்து ஊசி போட்டு வருடாவருடம் புதுப்பித்திருக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளியை எந்த நாய் கடித்தாலும், லேசாகத் தோல் கீறினாலும், 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், "இவருக்குக் கீமோ ஓடுது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மற்றவர்களுக்குத் தடுப்பூசி மட்டும் போதும் என்கிற சின்னக் காயத்துக்கும் இவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்கிற தயார்நிலை எதிர்ப்பு மருந்தையும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும்.

எதிர்ப்பக்க ஆபத்தை யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். நோயாளியின் மருந்து நாயைக் கொல்லும். மார்பகம், குடல் புற்றுக்கு வீட்டிலேயே விழுங்கக் கொடுக்கும் கேப்சிடபின் மாத்திரை உடம்புக்குள் போய் ஃப்ளூரோயுராசில் ஆக மாறும் மருந்து, அந்த ஃப்ளூரோயுராசில் நாய்க்குக் கொடிய விஷம். கீழே உருண்ட மாத்திரையை நாய் நக்கி எடுக்க ஒரு நொடி போதும். கீமோ முடிந்து குறைந்தது 48 மணி நேரத்துக்கு நோயாளியின் வாந்தியிலும் மூத்திரத்திலும் மருந்து இருக்கும், அந்த வாந்தி பிளாஸ்டிக் வாளியைக் கொல்லைப்புறம் வைத்துவிட்டு அப்புறம் கழுவலாம் என்று விட்டால் நாய் அதில் வாய் வைக்கும். வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் பட்டையைக் கழற்றியதும் இரண்டாக மடித்து மூடிபோட்ட டப்பாவில் போடுங்கள், குப்பையில் விட்டெறியாதீர்கள். பாராசிட்டமால், இபுபுரூஃபன்கூட நாய்க்கு ஆகாது.

வழி ஒன்று: எப்போதும்போல வீட்டுக்குள்ளேயே

கட்டிலில் காலடியில் படுக்கிற நாய், அப்படியே இருக்கட்டும் என்பது. மாரடைப்பு வந்து தேறியவர், பக்கவாதத்துக்குப் பின் பேச்சு திரும்பிக்கொண்டிருப்பவர், கீமோ இல்லாமல் மாத்திரையில் மட்டும் ஓடும் இதய நோயாளி இவர்களுக்கு இதில் பெரிய தடை இல்லை. விழுவதுதான் பயம். இருட்டில் நாய் குறுக்கே படுத்திருக்க, கைத்தடி ஊன்றி நடக்கும் ஆள் தடுக்கி இடுப்பெலும்பு உடைந்தால் பக்கவாதத்தைவிட அது பெரிய கதை. கழுத்தில் ஒரு மணியைக் கட்டுங்கள், இரவு விளக்கு ஒன்று போடுங்கள், போதும்.

கீமோவிலும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய முதல் மாதங்களிலும் இந்த வழியை எடுக்காதீர்கள். "எங்க நாய் ரொம்ப சுத்தம்" என்று சொல்பவர்கள் அதைக் கரைப்பக்கம் ஒருநாள் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கட்டும்.

வழி இரண்டு: திண்ணை

நான் சிபாரிசு செய்வது இதைத்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நாய் வீட்டோடு இருக்கும், வீட்டுக்குள் இருக்காது. திண்ணையோ, வாசல் தாழ்வாரமோ, பின்பக்கக் கொட்டகையோ அதன் இடம். மதிய வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே கட்டக்கூடாது, கிடுகு வேய்ந்தது என்றால் பரவாயில்லை. நோயாளி இருக்கும் அறை வாசலுக்கு ஓர் அரைக்கதவு போடுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கிழிந்த நைலான் வலையை மரச்சட்டத்தில் இழுத்து அடித்து இடுப்பளவுக்கு வைத்திருந்தார்கள், காற்றும் வரும், நாய்க்கும் ஆளுக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும், காசும் செலவில்லை. நோயாளி சேரைப் போட்டு உட்கார்ந்து பேசலாம், ரத்தத்தில் வெள்ளணு அளவு நன்றாக இருக்கும் நாட்களில் தலையைத் தடவிக் கொடுக்கலாம், உடனே சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். முகத்தை நக்கவிடக் கூடாது, கையில் ஊசிப் பிளாஸ்திரியோ மார்பில் மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் கீமோ போர்ட்டோ இருந்தால் அந்தப் பக்கம் மூக்கைக்கூட நீட்டவிடக் கூடாது.

முதல் வாரம் நாய் ஊளையிடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாள் இரவே யாராவது இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள், அப்புறம் அது ஒரு மாதம் ஊளையிடும். கீமோ தொடங்கும் முன்பே, நோயாளி இன்னும் தெம்பாக இருக்கும்போதே இடத்தை மாற்றிவிடுங்கள். கூப்பிடுவது அவர், சோறு வைப்பது புது ஆள் என்று ஒரு வாரம் ஓட்டினால் நாய்க்கு விஷயம் புரிந்துவிடும்.

சோறு வேகவைத்ததாக மட்டுமே இருக்கட்டும். பச்சை மீனும் குடலும் கூடாது, கருவாட்டில் உப்பு, மீன் குழம்பு ஊற்றிய சோற்றில் வெங்காயம், அதனால் அவையும் வேண்டாம் (வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், ஊரில் அதைத்தான் ஊற்றுகிறோம்). வெறும் சோறும், முள் எடுத்த அவித்த மீனோ ஒரு முட்டையோ போதும். பூச்சி மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உண்ணிக்கு நெக்ஸ்கார்ட் மாத்திரை ஒரு மாதம் தாங்கும், பிராவெக்டோ பன்னிரண்டு வாரம், விலை கொஞ்சம் உறைக்கும், ஆனால் மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டுகிறேன் என்று நோயாளி மூக்குக்குப் பக்கத்தில் அந்த நெடியைக் கிளப்புவதைவிட மேல். எலிக்காய்ச்சலும் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள், மழைக்கு முன்னால்.

தண்ணீர் இல்லாத ஊரில் நாயை எப்படித் தினமும் குளிப்பாட்டுவது என்பார்கள். தினமும் குளிப்பாட்டவே வேண்டாம். காவிரித் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டு குடம் வரிசை போடும் நமக்கு அது கட்டுப்படியும் ஆகாது. வெளியே போய்வந்ததும் நான்கு காலையும் ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலான அழுக்கு போய்விடும். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டினால் கடைசியில் ஒரு வாளி நல்ல தண்ணீரை ஊற்றி அலசுங்கள், இல்லாவிட்டால் தோல் அரிக்கும், சொறியும், சொறிந்த இடம் புண்ணாகும்.

இப்போது அந்த இன்னொரு கை. பீ அள்ளுவது, உண்ணி பொறுக்குவது, வாந்தியைக் கழுவுவது, காலையும் மாலையும் சங்கிலி பிடித்து நடத்துவது எல்லாம் நோயாளி அல்லாத ஆளின் வேலை. மகனோ கணவரோ கடலுக்குப் போகிறவர் என்றால், அவர் கடலில் இருக்கும் இரவு நாய் யாரிடம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், வைத்தியம் அந்த மாதங்களில் விழுந்தால் இந்த வழி தானாகச் சுலபமாகிவிடும். மற்ற மாதங்களில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனைப் பிடித்து மாதம் ஒரு தொகை பேசிக்கொள்வதில் கூச்சமே வேண்டாம். சும்மா உதவியாகக் கேட்டால் மூன்றாம் வாரம் வரமாட்டான்.

கீமோ நாள் இன்னொரு சிக்கல். மண்டபத்திலிருந்து மதுரைக்குப் போகிற ஆள் விடியுமுன் கிளம்பினால்தான் ரத்தப் பரிசோதனை முடிந்து மருந்து ஏறி இரவுக்குள் வீடு திரும்ப முடியும், கூட இரண்டு பேர் போனால் வீட்டில் ஆளே இல்லை. அன்றைக்கு நாய் கட்டிக் கிடந்தால் தண்ணீர் கவிழ்ந்துபோகும், அவிழ்த்துவிட்டால் கரைக்குப் போகும். கனமான மண்சட்டியில் தண்ணீர், மதியம் ஒருமுறை எட்டிப் பார்க்க ஒரு ஆள், இது இரண்டும் இல்லாமல் திண்ணை வழி ஓடாது.

வீட்டு வேலைக்கு, நோயாளியைக் குளிப்பாட்ட என்று வருகிற அக்காமார்களையும் யோசியுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெரும்பாலும் ஷாஃபி என்கிற மார்க்கச் சட்ட வழி, அதன்படி நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து. தொழுகை விடாத ஒரு அக்கா உதவிக்கு வந்தால் நாய் அவர் மேல் உரசாமல் பின்பக்கம் கட்டிவைப்பது மரியாதை மட்டுமல்ல, அவர் நாளைக்கும் வருவதற்கான வழியும்கூட.

வழி மூன்று: சொந்தக்காரர் வீட்டில் சில மாதம்

கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒன்று என்று சில மாதம் போகும், அதற்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. அதுவரை மாமா வீட்டிலோ சின்னம்மா வீட்டிலோ நாய் இருக்கட்டும் என்பது நியாயமான யோசனை. வீட்டில் கையில்லாதவர்களுக்கு இதுதான் முதல் வழி.

உதைக்கும் இடம் என்னவென்றால், நாட்டு நாய் திரும்பி வந்துவிடும். பக்கத்து ஊரில் விட்டால் இரண்டாம் நாள் கயிற்றைக் கடித்துக்கொண்டு ராமேஸ்வரம் நெடுஞ்சாலையையோ கிழக்குக் கடற்கரைச் சாலையையோ தாண்டி வரும், அந்தச் சாலையில் மீன் லாரி வரும் வேகம் நமக்குத் தெரியும். முதல் இரண்டு வாரம் கட்டியே வைக்கக்கூடிய வீடாக, சுற்றுச்சுவரோ முள்வேலியோ இருக்கும் வீடாகப் பாருங்கள். அந்த வீட்டில் ஆடு, கோழி இருந்தால் நாய் முன்பு அவற்றோடு பழகியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு கோழி போனால் உறவே போய்விடும். தெரு நாய்களும் புது நாயைச் சும்மா விடாது.

நோயாளி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனில் வீடியோவில் பார்க்கட்டும். நேரில் கூட்டிவருவதென்றால் ரத்த அளவு தேறிய, அடுத்த கீமோவுக்கு முந்தைய நாட்களில். நிரந்தரமாகத் திரும்பும்போது ஊசி அட்டை, பூச்சி மாத்திரை, உண்ணிச் சோதனை மூன்றையும் முடித்துவிட்டு வீட்டுக்குள் விடுங்கள்.

அந்த வீட்டுக்காரரிடம் தீனிச் செலவைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்பார்கள், இருந்தாலும்.

வழி நான்கு: மதுரையில் காசு கட்டி விடுவது

காசு வாங்கிக்கொண்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் விடுவது. லாப்ரடார் போல ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்ளும் நாய்க்கு, அறுவை சிகிச்சை வாரம் போலக் குறுகிய காலத்துக்குப் பரவாயில்லை. கூண்டையே பார்க்காத நாட்டு நாய் அங்கே சாப்பிடாமல் கிடக்கும். பல நாய்கள் சேரும் இடத்தில் கென்னல் காஃப் என்கிற தொற்று இருமல் ஒட்டிக்கொள்ளும், அதைக் கிளப்பும் போர்டெடெல்லா கிருமி எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் வரக்கூடியது. அதற்கு நாயின் மூக்கில் விடும் சொட்டு உயிருள்ள கிருமியால் ஆனது, வீட்டில் கீமோ நோயாளி இருப்பதைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போடச் சொல்லுங்கள், சொட்டு விடும்போது நாயைப் பிடித்துக்கொள்வது நோயாளியாக இருக்கக் கூடாது. மாதக்கணக்கில் விட நான் சொல்லமாட்டேன், பஸ் செலவும் மருந்துச் செலவும் ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் இது மூன்றாவது செலவு.

வழி ஐந்து: எங்காவது விட்டுவிடுவது

கரையோரத்தில் மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று வேனில் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் இது குற்றம். அதை விடுங்கள், கீமோவில் படுத்திருக்கும் ஆளுக்கு இது தெரியாமல் இருக்கும் என்று நினைக்கிறீர்களா? நல்ல வீடாகப் பார்த்து, நோயாளியின் சம்மதத்தோடு நிரந்தரமாகக் கொடுப்பது வேறு. யாரும் இல்லாத வீட்டில், நோய் நீண்டுகொண்டே போகும் என்றால் அது ஒரு கௌரவமான முடிவுதான்.

வழி ஆறு: துணைக்கென்று புதிதாக ஒரு நாய்

வெளியூர்ப் பிள்ளைகளின் யோசனை இது. 1980-இல் அமெரிக்காவில் எரிகா ஃப்ரீட்மன் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு, இதய நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள், செல்லப்பிராணி வைத்திருந்த 53 பேரில் இறந்தது 3, இல்லாத 39 பேரில் இறந்தது 11. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்ன எண்ணிக்கை, அதோடு அந்த 53 பேரும் முன்பே பிராணி வளர்த்தவர்கள், நோய் வந்தபின் வாங்கியவர்கள் அல்ல. அமெரிக்க இதய சங்கம் 2013-இல் இந்த மாதிரி ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, நாய் இருப்பது இதயத்துக்கு நல்லதாக இருக்கலாம், ஆனால் அதற்காகவே ஒரு பிராணியை வாங்கிவராதீர்கள் என்றுதான் சொன்னது.

கீமோ வீட்டுக்குக் குட்டி நாய் வேண்டவே வேண்டாம். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குட்டி கடிக்கும், கீறும், வீடெல்லாம் பேதி போகும், புழுவும் கேம்பைலோபேக்டரும் அதில்தான் அதிகம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, நம்ம ராமநாதபுரம் மந்தை இவற்றில் ஒன்றை வாங்கவேண்டும் என்று ஆசை இருந்தால் நல்ல ஆசைதான், ஆனால் அவை காவலுக்கும் வேட்டைக்கும் ஆனவை, ஓட இடம் கேட்கும், சங்கிலியை இழுத்தால் எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவரின் தோள் கழன்றுவிடும். அப்படியும் நாய் வேண்டும் என்றால், தெருவிலேயே வளர்ந்து வாசலில் வந்து உட்காரும் வயதான சாது நாய் ஒன்றுக்கு ஊசியும் பூச்சி மாத்திரையும் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வீட்டுக்குள் வரவும் ஆசைப்படாது.

வியாதியைப் பார்த்து எப்படி மாற்றுவது

டயாலிசிஸில் இருப்பவர் வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்று ஆஸ்பத்திரியில் கிடப்பார். அவருக்குக் கையில் போட்டிருக்கும் ஃபிஸ்டுலா என்கிற ரத்தக்குழாய் இணைப்புதான் உயிர். அந்தக் கையால் நாய்ச் சங்கிலி பிடிக்கக் கூடாது, நாய் அந்தக் கை மேல் தாவக் கூடாது. மற்றபடி திண்ணை வழி இவருக்கு நன்றாகவே பொருந்தும். வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்யும் சிஏபிடி என்றால் கண்டிப்பு கூட வேண்டும். பை மாற்றும் நேரத்தில் கதவு சாத்தி, ஃபேன் நிறுத்தி, நாய் வெளியே. குழாயை நாயோ பூனையோ நக்கினாலோ கடித்தாலோ வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும், இந்த மாதிரி பாஸ்டுரெல்லா தொற்றுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் டயாலிசிஸ் திரவப் பைகளை அட்டைப்பெட்டியோடு திண்ணையில் அடுக்காதீர்கள், நாய் அதன்மேல் காலைத் தூக்கும்.

மாற்றுச் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை மாற்று என்றால் முதல் மாதங்களுக்கு வழி மூன்று, அதன்பிறகு மருத்துவரைக் கேட்டுத் திண்ணை. தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர் ஆட்களைப் போலவே நாயையும் சில நாள் தள்ளி வைக்க வேண்டும், எத்தனை நாள் என்று வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வார்கள்.

இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று மருத்துவர் சொல்லிவிட்ட நிலையில் என் கணக்கு மாறும். மேலே எழுதிய கட்டுப்பாடெல்லாம் ஒருவர் பிழைத்து வரவேண்டும் என்பதற்காக. இனி வாரங்கள்தான் என்றால், நாயைத் துடைத்துச் சுத்தமாக்கி, புண்ணையும் மூத்திரக் குழாயையும் மூடிவைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் விடுங்கள், அவர் ஆசைப்பட்டால் கட்டிலிலேயும். நாய் வேண்டாம் என்று அவரே சொன்னால் அதையும் மதியுங்கள், வாசனை பிடிக்காமல் போகும், குரைப்பு தலைவலிக்கும், அதில் பாசக் குறைவு ஒன்றும் இல்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வலிநிவாரண சிகிச்சைக்கு நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். அவர் வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு நாயைப் பின்பக்கம் கட்டுங்கள், வாசலில் குரைக்கும் நாய்க்குப் பயந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டார் என்று பிறகு குறைசொல்லக் கூடாது.

நாயை அடுத்து யார் எடுத்துக்கொள்வது என்பதையும் அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். கேட்கவே சங்கடமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அவர் முன்பே யோசித்து வைத்திருப்பார். யார் என்று முடிவானால் அந்த ஆள் இப்போதிருந்தே ஒருவேளைச் சோறாவது தன் கையால் வைக்கட்டும், ஊசி போட்ட தேதியும் பூச்சி மாத்திரைத் தேதியும் எழுதிய அட்டை அவரிடமே இருக்கட்டும், நாய்க்கு உடம்புக்கு முடியாமல் போனால் கூப்பிட வேண்டிய 1962 கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணும் அதே அட்டையின் பின்பக்கத்தில்.